நாற்காலிக் காலில் ஒரு சுண்டெலி

தோல் பதனிடும் தொழிலை அறிந்த ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதி அங்கத்தினர்களுக்கு ஓக் மரம் முற்றிலும் அந்நியமானதன்று. நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்துவந்த வேலையை ஐரோப்பிய நாடுகளில் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்தது ஓக் மரத்தின் பட்டையே. 'டானிங்' என்று நாம் தொட்டியோரத்தில் நின்று சொல்லும் சொல்லே ஓக் பட்டையைக் குறித்த பழைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததாகும். பிற்காலத்தில் குரோம் உப்பு வந்து பட்டைகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டது. (தோல் ஷாப்புகளின் கழிவினால் பாலாற்றுப் படுகையின் நிலமும் கிணறும் பட்ட பாட்டையும், 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அதைக் குறித்து அளித்த தீர்ப்பையும் நம் விவசாய அங்கத்தினர்கள் நன்கறிவர், அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.) இங்கே நாம் எடுத்துக்கொண்டது ஓக் மரத்தின் கட்டையில் கையால் செதுக்கப்பட்ட நாற்காலி, மேஜை, பெட்டகங்களைப் பற்றியும், அவற்றைத் தேடிச் சேர்ப்பவர்களைப் பற்றியும், அவ்வாறு சேர்ப்பதனால் செதுக்கிய கைக்கு என்ன வந்து சேருகிறது என்பதைப் பற்றியுமாகும். மரச்சாமான் வாங்குவோர் நம் சங்கங்களிலும் பலர் இருக்கிறார்கள்; மரம் வளர்ப்போரும் இருக்கிறார்கள்.

ஓக் குளிர்நாட்டு மரம். நீலகிரியிலும் ஏற்காட்டிலும் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் 'சில்வர் ஓக்' பெயரளவில்தான் ஓக். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு இனம். உண்மையான ஓக் மெல்ல வளர்ந்து, வைரம் பாய்ந்து, இரும்புபோல் கனப்பது. பட்டையில் உள்ள அதே துவர்ப்புச் சத்து கட்டையிலும் நிறைந்திருக்கிறது. பட்டையில் பதனிட்ட தோலின்மேல் ஈரத்தோடு இரும்புத்துண்டு பட்டால் கருநீலக் கறை விழுவதைத் தொழிலாளர் எவரும் அறிவர். ஓக் பலகையில் இரும்பு ஆணி அடித்தாலும் அதே கறைதான். ஆகவே பழைய ஆங்கிலத் தச்சர்கள் மூட்டுகளை மர ஆணி கொண்டே இறுக்கினார்கள். அம்மோனியா ஆவி சூழ்ந்த அறையில் ஓக் சாமானை வைத்து மூடிவிட்டால், அந்தத் துவர்ப்புச் சத்து ஆவியோடு கூடி மரத்தைப் பழுப்பு நிறமாக்கிவிடும். வர்ணம் பூச வேண்டியதில்லை. அறுத்த பலகையைத் திறந்தவெளியில் அடுக்கி, ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்ற கணக்கில் காயவைப்பது அவர்களுடைய பழைய வழக்கம். மூன்று அங்குலப் பலகை வேண்டுமென்றால் மூன்று ஆண்டு பொறுக்க வேண்டும். கடன் வாங்கித் தொழில் செய்கிறவனால் இது ஆகுமா என்று கேட்கலாம். அங்கேயும் எல்லோராலும் ஆகவில்லை.

அவ்வாறு பொறுத்திருந்து செய்த ஒருவரின் கதைதான் இக்கட்டுரைக்குத் தலைப்பைத் தந்தது. இங்கிலாந்தின் வடபகுதியில் யார்க்ஷயர் என்னும் நாட்டுப்புறத்தில் கில்பர்ன் என்பது ஒரு சிற்றூர். அங்கே 1876-ஆம் ஆண்டில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர் ராபர்ட் தாம்சன். இளமையில் அவரை இயந்திரத் தொழில் பழக வெளியூருக்கு அனுப்பினார்கள். போகும் வழியில் ரிப்பன் நகரத்துப் பெரிய தேவாலயத்தில், பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் செதுக்கப்பட்ட ஓக் மர வேலைகளைக் கண்டார். அவை அவர் மனத்தை விட்டகலவில்லை. இயந்திரத்தை விட்டு ஊருக்குத் திரும்பி, மறைந்துகொண்டிருந்த அந்தப் பழைய செதுக்கு முறையைத் தாமே முயன்று கற்றுக்கொண்டார். 1919-இல் அருகிலிருந்த ஆம்பிள்ஃபோர்த் கல்லூரியின் பாதிரியார் ஒருவர் ஓக் மரத்தில் ஒரு சிலுவை செய்யச் சொன்னார். அதன் பின்னர் அக்கல்லூரிக்கே நூலக மேஜைகளும் நாற்காலிகளும் செய்ய வேலை கிடைத்தது. ஒரு நல்ல வாடிக்கைக்காரர் ஒரு தொழிலாளிக்கு எவ்வளவு பெரிய மூலதனம் என்பதற்கு இதைக் காட்டிலும் வேறு சான்று வேண்டாம்.

தாம்சன் மேஜைப் பலகையை இழைப்புளியால் கண்ணாடிபோல் இழைத்துவிடமாட்டார். வாய்ச்சியால் மெல்லிய சீவல்களாகச் செதுக்கி, நீரின் மேல் காற்றடித்தாற்போல் சிற்றலைகள் தெரியும்படி விட்டுவிடுவார். விரலால் தடவினால் கையின் வேலை என்பது தெரியும். நாற்காலிகளின் இருக்கைக்குப் பெரும்பாலும் மாட்டுத் தோல்தான். ஒரு சமயம் தேவாலயம் ஒன்றுக்கு வேலை செய்துகொண்டிருந்தபோது, உடன் இருந்த தொழிலாளி, "நாமெல்லாம் தேவாலயத்து எலியைப் போல் ஏழைகள்" என்ற பொருளில் ஏதோ முணுமுணுத்தாராம். மணியும் தானியமும் இல்லாத கோயிலில் குடியிருக்கும் எலியை வறுமைக்கு உவமை சொல்வது அந்நாட்டு வழக்கு. தாம்சன் உடனே, தாம் செதுக்கிக்கொண்டிருந்த மரத்தில் ஒரு சுண்டெலியைச் செதுக்கினார். அன்று தொட்டு அவருடைய பட்டறையிலிருந்து வெளியேறிய சாமான்களில் மேஜையின் காலிலோ, நாற்காலியின் கைப்பிடியிலோ, பெட்டகத்தின் ஓரத்திலோ ஓர் எலி ஊர்ந்துகொண்டிருக்கும். தொழிலாளியின் வறுமையைச் சொல்லும் உவமையே அவருடைய முத்திரையாயிற்று. 1955-ஆம் ஆண்டில் அவர் காலமானார். அவர் வழிவந்தவர்கள் அதே சிற்றூரில் அதே எலியோடு பட்டறையை நடத்தி வருகிறார்கள்.

இந்த எலியை வைத்துக்கொண்டு சேகரிப்பாளர்கள் செய்யும் ஆராய்ச்சி சுவையானது. ஆரம்ப காலத்து எலிகளுக்கு முன்கால்கள் உண்டு. அவை எளிதில் உடைந்துபோயினமையால் பிற்காலத்தில் விட்டுவிட்டார்கள். ஆகவே முன்கால் உள்ள எலியாயின் பழைய சாமான். பட்டறையில் ஒவ்வொரு தொழிலாளியும் செதுக்கும் எலியும் சற்றே வேறுபடும். பழகிய கண்ணுக்கு எலியின் முதுகும் வாலும் இன்னார் கை என்று சொல்லிவிடும். தாம்சனிடம் பழகியவர்களும், அக்கம்பக்கத்து ஊர்த் தச்சர்களும் தனித்தனியே பட்டறை வைத்தபோது, அணில், முயல், மீன், ஓக் காய் என்று தத்தமக்கு ஒரு முத்திரையை வைத்துக்கொண்டார்கள். அதனால் ஒரு வட்டாரமே மரவேலைக்குப் பெயர் பெற்றது. கவனிக்கத்தக்கது யாதெனில், பழைய எலி நாற்காலியை ஏலத்தில் வாங்கியவர், அடுத்து ஒரு மேஜை வேண்டுமென்றால் அதே பட்டறைக்கு எழுதிப் புதிதாகச் செய்யச் சொல்ல முடிகிறது. பழைய பொருளின் மதிப்பு உயர உயரப் புதிய பொருளுக்கும் கிராக்கி உண்டாகிறது. இரண்டையும் இணைப்பது கட்டைவிரல் பருமனுள்ள ஓர் எலி.

இனி நம் பக்கத்தைப் பார்ப்போம்.

பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்கள் வாணிபம் செய்தார்கள். 1613-இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள். 1658-இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். அவர்களுக்காக இக்கரையின் தச்சர்கள் கருங்காலிக் கட்டையில் நாற்காலிகளும் கட்டில்களும் செய்தார்கள். கால்களைக் கயிறு முறுக்கியதுபோல் கடைந்து, முதுகுப்பலகையில் பூங்கொடியும் பறவையும் மீன்மகளும் நெருங்கச் செதுக்கிய வேலை அது. கருங்காலி உளியை மழுக்கும் மரம். அதில் இவ்வளவு நுணுக்கம் காட்டியவர்கள் சாமானியர்களாய் இருந்திரார். அந்த நாற்காலிகளிற் சில கப்பலேறி இங்கிலாந்து சேர்ந்தன. நூறாண்டு கழிந்தது. ஹோரேஸ் வால்போல் என்னும் செல்வரான எழுத்தாளர் லண்டனுக்கு அருகே ஸ்ட்ராபெரி ஹில் என்ற மாளிகையைப் பழங்காலப் பாணியில் கட்டிக்கொண்டு, அதற்கேற்ற பழம்பொருள்களைத் தேடியலைந்தார். இந்தக் கருங்காலி நாற்காலிகளைக் கண்டதும், இவை பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த கார்டினல் வுல்சி காலத்து ஆங்கிலத் தச்சு வேலை என்றே துணிந்து விரும்பி வாங்கினார். அவரைப் பார்த்து மற்றச் செல்வர்களும் வாங்கினார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேலாக, நம் கடற்கரைத் தச்சரின் கைவேலை ஆங்கில அரசர் காலத்துப் பழைய சாமான் என்ற பெயரில் ஆங்கிலேயரின் மாளிகைகளில் வீற்றிருந்தது. உண்மையைப் பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் தெளிவாக்கிவிட்டார்கள். ஆனால் அவற்றைச் செதுக்கியவர்களின் பெயர் ஒன்றுகூட அந்தக் கட்டைகளில் இல்லை. பெயர் இல்லாமற்போனால் ஆளை மட்டுமா மறக்கிறார்கள்? ஊரையும் நாட்டையுமே மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

கைவினைஞன் தன் பெயரைப் பொறிப்பது நம் மரபன்று, அது அகந்தை என்று சிலர் சொல்வதுண்டு. இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டிலேயே அதைக் கட்டிய தச்சரின் பெயர், வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. சக்கரவர்த்தியின் பெயர் உள்ள சுவரில் தச்சரின் பெயருக்கும் இடம் இருந்தது. மரபு அறுந்தது பிற்காலத்தில்தான்.

அறுந்ததன் விளைவைச் செட்டிநாட்டில் பார்க்கலாம். நகரத்தார் பர்மாவில் பெருந்தொழில் நடத்திய காலத்தில் அங்கிருந்து முதல்தரத் தேக்கைக் கொண்டுவந்து வீடுகள் கட்டினார்கள். கஜலட்சுமி அமர்ந்த மேல்நிலை, கிளியும் யாளியும் அணிவகுத்த நிலைக்கதவு, போதிகை தாங்கிய உருண்டைத் தூண்கள், கணக்கெழுதும் சாய்வு மேஜை, ஊஞ்சற்பலகை, பெட்டகம் என அவ்வீடுகளில் மரமே பேசும். 1930-களின் உலகப் பொருளாதார மந்தமும், 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்தச் செல்வத்தின் வேரை அறுத்தன. பிறகு தலைமுறை தலைமுறையாகப் பங்காளிகள் பெருகினார்கள். நாற்பது பங்குள்ள வீட்டை நாற்பது கூறாக்க முடியாது. பழுதுபார்க்கவும் எல்லோரும் பணம் போடமாட்டார்கள். ஆகவே இடிப்பதே எளிதாகப் பட்டது. கதவு, தூண், உத்தரம், சாமான் எல்லாம் பிரித்து விற்கப்பட்டன. காரைக்குடியில் முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அவை குவிந்து கிடப்பதை இன்றும் காணலாம். அங்கிருந்து அவை பெருநகரங்களின் ஓட்டல்களுக்கும் பங்களாக்களுக்கும் போகின்றன.

இதில் நல்லதும் நடந்திருக்கிறது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா என்னும் காட்சியகத்தில் ஒரு செட்டிநாட்டு வீடு மீண்டும் எடுத்துக் கட்டப்பட்டுள்ளது. கதவு கதவாகவும், தூண் தூணாகவும் தத்தம் இடத்தில் நிற்பதை அங்கே பார்க்கலாம். 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆனால் கடையிலிருந்து ஒரு நிலைக்கதவை வாங்கிச் செல்பவர் அது எந்த ஊர், எந்த வீடு, எந்தத் தச்சர் என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. கதவு போய்ச் சேருமிடத்தில் அது கண்ணாடி பதித்த உணவு மேஜையாகிவிடுகிறது. விலை ஏறுகிறது, ஏறிய விலையில் உயிரோடிருக்கும் தச்சனுக்கு ஒரு காசு வருவதில்லை. யார்க்ஷயரின் எலி செய்த வேலையைச் செய்ய இங்கே எதுவும் இல்லை.

உயிரோடிருக்கும் மரச்சிற்பிகள் எங்கே என்று கேட்டால், அதிக தூரம் போக வேண்டியதில்லை. திருவண்ணாமலையைத் தாண்டித் தெற்கே சென்றால் கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பகுதிகளில் தலைமுறையாகச் செதுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டில் பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குக் கிடைத்தது. அரும்பாவூர்க்காரர்கள் உருவத்தைப் பகுதி பகுதியாகச் செய்து ஒட்டுவதில்லை. ஒரே கட்டையிலிருந்து முழு உருவத்தையும் எடுப்பது அவர்கள் வழக்கம். வாகை, மா, வேம்பு போன்ற மரங்களில் அவர்கள் வேலை செய்கிறார்கள். 1973-இல் தமிழக அரசு நிறுவிய கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம், பூம்புகார் என்ற பெயரில் இத்தகைய பொருள்களை விற்று வருகிறது.

புவிசார் குறியீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1999-ஆம் ஆண்டுச் சட்டம் 2003-இல் நடைமுறைக்கு வந்தது. குறியீடு பத்தாண்டுக்குச் செல்லும்; பிறகு புதுப்பிக்க வேண்டும். ஓர் ஊர்ப் பொருளுக்குக் குறியீடு கிடைத்துவிட்டாலே அவ்வூர்த் தொழிலாளர் அனைவரும் அதைப் பயன்படுத்தும் உரிமை பெற்றுவிட்டார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட உபயோகிப்பாளராகத் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. விண்ணப்பம் எழுதவும், அலுவலகத்துக்கு அலையவும் நேரமில்லாத சிற்பி அந்த வரிசையில் கடைசியில் நிற்கிறான். கூட்டுறவுச் சங்கம் என்ற ஒன்று ஏற்பட்டதே இத்தகைய இடத்தில் தோள் கொடுப்பதற்காகத்தான். இரண்டாவது விஷயம்: குறியீடு ஊரின் பெயரைக் காப்பாற்றுகிறது, கையின் பெயரைச் சொல்வதில்லை. கள்ளக்குறிச்சி வேலை என்று தெரிந்தபின், கள்ளக்குறிச்சியில் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

நெசவாளர் இதில் முன்னே நடந்திருக்கிறார்கள் என்று நாம் கொஞ்சம் பெருமைப்படலாம். 2004-இல் பட்டு முத்திரையும், 2006-இல் கைத்தறி முத்திரையும் வந்தன. 1935-இல் தோன்றிய நம் கோ-ஆப்டெக்ஸ் ஸ்தாபனம், சேலையோடு அதை நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டையை இணைத்து விற்றதும் உண்டு. குடியாத்தத்து நெசவாளர் ஒருவருக்கு எது நியாயமோ, அவருடைய தறியைச் செய்துகொடுத்த தச்சருக்கும் அது நியாயமே.

இனி, வாங்குகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வீட்டில் கல்யாணம், புதுமனை புகுவிழா என்றால் செதுக்கு வேலையுள்ள ஊஞ்சலோ நிலையோ வாங்க ஆசைப்படுவது இயல்பு. பழையது என்று சொல்லிப் புதியதை விற்கும் வித்தை உலகெங்கும் உண்டு. இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில், செதுக்கு இல்லாத பழைய ஓக் பெட்டகங்களை வாங்கி, அவற்றின் மேல் புதிதாகப் பூவேலை செதுக்கி அதிக விலைக்கு விற்றார்கள். மரம் பழையது, வேலை புதியது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உளுத்துளை. வண்டு மரத்தின் மேற்புறத்தில் சிறு வட்டத் துளையிட்டு வெளியேறும். அதன் பாதை உள்ளேதான் இருக்கும். செதுக்கிய பள்ளத்தில் அந்தப் பாதை வாய்க்கால்போல் நீளவாட்டில் வெட்டுண்டு தெரிந்தால், வண்டு தின்று முடித்த பிறகுதான் உளி பட்டிருக்கிறது என்பது தெளிவு.

இன்னொரு சோதனை அளவுநாடா. மரம் உலரும்போது ரேகைக்குக் குறுக்காகச் சுருங்கும். ரேகையின் நீளத்தில் அநேகமாகச் சுருங்குவதில்லை. ஆகையால் உண்மையிலேயே பழைய வட்ட மேஜைப் பலகையை இரு திசையிலும் அளந்தால் சிறிதளவு வித்தியாசம் இருக்க வேண்டும். இரு திசையிலும் இம்மியும் பிசகாத வட்டமாயின் சந்தேகப்படுங்கள். கடைசல் பிடித்த பழைய கால்களும் அப்படியே. தேய்மானத்தையும் பாருங்கள். கை படும் இடம், கால் உரசும் இடம், கதவின் தாழ்ப்பாளைச் சுற்றிய இடம் தேய்ந்திருப்பது இயற்கை. எவரும் தொடாத மூலையும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாளின் வேலை. சாமானைக் கவிழ்த்து அடிப்புறத்தைப் பார்க்காமல் விலை பேசவே கூடாது. மேல்புறம் வியாபாரியின் பேச்சைக் கேட்டு நடக்கும், அடிப்புறம் அப்படியன்று.

சட்டத்தையும் மறக்கலாகாது. நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிற்ப வேலைகள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருவன. அவற்றைத் தனி மனிதர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தொல்பொருள் வியாபாரம் செய்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். தேரிலிருந்து கழற்றிய சிற்பம், கோயில் வாகனத்தின் பகுதி என்று சொல்லி எவரேனும் கொண்டுவந்தால், விலை எவ்வளவு மலிவாயினும் தொடாமலிருப்பது நல்லது. கோயில் பொருள் திருட்டை விசாரிக்கவே 1983 முதல் தமிழகக் காவல்துறையில் தனிப் பிரிவு ஒன்று இயங்குகிறது. பில் இல்லாத பழம்பொருளுக்கு மூலக்கதை மட்டும் நீளமாக இருக்கும்.

என்னைக் கேட்டால், பழையதைத் தேடும் பணத்தில் பாதியைப் புதியதைச் செய்விக்கச் செலவிடலாம் என்பேன். பழைய கதவை வாங்கினால் ஒரு வீடு இடிந்ததற்கு நாம் பணம் கொடுக்கிறோம்; புதுக் கதவைச் செய்வித்தால் ஒரு பட்டறையில் ஆறு மாதம் அடுப்பு எரியும், பக்கத்தில் ஒரு பையன் உளி பிடிக்கப் பழகுவான். செய்விக்கும்போது பேரத்தை உருப்படிக் கணக்கில் முடித்துவிடாமல், கட்டை இன்னது, வேலை இத்தனை நாள், கூலி இவ்வளவு என்று பிரித்துப் பேசுவது இரு தரப்புக்கும் நல்லது. நாள் நெருக்கினால் சிற்பி பச்சைக் கட்டையில்தான் செதுக்க வேண்டியிருக்கும். அடுத்த கோடையில் தெய்வத்தின் முகத்தில் வெடிப்பு விழும்; பழி சிற்பியின் மேல் விழும். ஓக் மரத்துக்கு மூன்றாண்டு பொறுத்தவர்களைப் பற்றி மேலே சொன்னோம். நம்முடைய வெயிலில் அவ்வளவு வேண்டாம். ஆயினும் கட்டை நிழலில் ஆறுவதற்குரிய காலத்தையும், அதுவரையில் அவன் முடக்க வேண்டிய பணத்தையும் யாராவது கொடுத்தாக வேண்டும். முன்பணமாக வாடிக்கைக்காரர் கொடுக்கலாம். கடனாகச் சங்கம் கொடுக்கலாம். வட்டிக்காரன் கொடுத்தால் அந்தச் செலவும் சாமானின் விலையில் ஏறும், அல்லது சிற்பியின் சாப்பாட்டில் குறையும்.

மரம் வளர்க்கும் அங்கத்தினர்கள் இந்த இடத்தில் வாகையைப் பற்றிச் சிந்திக்கலாம். வரப்பிலும் கிணற்றடியிலும் தானே வளர்ந்து, ஆட்டுக்கும் மாட்டுக்கும் தழை தரும் இம்மரத்தை நாம் பெரிதாக மதிப்பதில்லை. இதன் வைரம் கரும்பழுப்பாக, ரேகை அழகோடு இருக்கும். ஒரு காலத்தில் லண்டன் மரச் சந்தையில் இதைக் கிழக்கிந்திய வால்நட் என்றே அழைத்து வாங்கினார்கள். அறுக்கும்போது தூள் மூக்கிலேறித் தும்மலை எழுப்புவது ஒன்றுதான் இதன் குறை. பூவரசும் அத்தகையதே. வெளுத்த புறப்பகுதி பூச்சிக்கு இரையாகும். வைரம் நீடித்து நிற்கும். இத்தகைய கட்டை விறகுக் கடைக்கு எடைக்குப் போவதும், சிற்பியின் பட்டறைக்கு அளவுக்குப் போவதும் விலையில் ஒன்றாகுமா? கள்ளக்குறிச்சிச் சிற்பிக்கும் நம் வட்டாரத்து விவசாயிக்கும் இடையே ஒரு கூட்டுறவு விற்பனை ஏற்பாடு இருந்தால் இருவருக்கும் இலாபமே. சந்தனம் போன்ற மரங்களை வெட்டவும் கொண்டு செல்லவும் வனத்துறையின் விதிகள் உண்டு. ஜவ்வாது மலையடிவாரத்தவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மற்ற மரங்களுக்கும் வெட்டுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது நலம்.

சங்கங்கள் செய்யக்கூடிய ஒரு சிறு காரியம் இருக்கிறது. அங்கத்தினர் வீடுகளில் உள்ள பழைய செதுக்கு மர வேலைகளுக்கு ஒரு பதிவேடு திறக்கலாம். நிலைக்கதவு, ஊஞ்சல், பத்தாயம், பெட்டகம், மரப்பாச்சி எதுவாயினும் சரி. மரம் இன்னது, அளவு இவ்வளவு, எந்த வீட்டில் இருந்தது, பெரியவர்கள் நினைவில் செய்தவர் பெயர் உண்டா என்று எழுதிக்கொண்டு, ஒரு புகைப்படமும் ஒட்டி வைத்தால் போதும். எண்பது வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அந்தக் கடைசிக் கேள்வி. வீடு இடிபடும் நாளில் அந்த ஏடு கையில் இருந்தால், கதவு அநாதையாகப் போகாது.

புதிதாகச் செய்விப்பவர்கள் கூலி பேசும்போதே பெயரையும் பேசிவிட வேண்டும். கேட்காவிட்டால் நம் சிற்பிகள் தாமாகப் பொறிக்கமாட்டார்கள். கூச்சம் ஒரு காரணம், வாங்குபவர் கோபிப்பார் என்ற அச்சம் மற்றொன்று. தெய்வ உருவமானால் பீடத்தின் பின்புறத்தில், ஊஞ்சலானால் பலகையின் அடியில், நிலைக்கதவானால் உட்பக்கத்துச் சட்டத்தின் கீழ்ப்பாகத்தில், பெயர், ஊர், ஆண்டு மூன்றும் அரை அங்குல எழுத்தில் உளியால் வெட்டினால் போதும். மையால் எழுதினால் இரண்டு முறை எண்ணெய் துடைத்ததும் போய்விடும். தகட்டில் பொறித்து ஆணியடித்தால் பழம்பொருள் கடைக்காரர் கழற்றிவிடுவார். எழுத்து வெட்ட ஒரு சிற்பிக்கு அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணிக்கும் கூலி சேர்த்துக் கொடுங்கள்.